தேயிலைத் தோட்டங்களில் முதுமையும் நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் அரசியற் போராட்டங்களைக் கொண்டும் பொருளாதார மாற்றங்களைக் கொண்டும் ஆராய்வது வழக்கம். அச்சமுதாயத்து முதியோரின் உடலிலே தங்கிவிட்ட நோய்களைக் கொண்டு அதனை ஆராய முற்பட்டோர் மிகச் சிலரே. இலங்கையின் மலையகத் தமிழர் பற்றிய ஆய்வுகளும் இதற்கு விலக்கல்ல. குடியுரிமை, சம்பளம், தொழிற்சங்கம் ஆகியன பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஆயின், ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் லயங்களிலே வாழும் முதியோரை வாட்டும் இருமலும் மூச்சுமுட்டும், மூட்டு வலியும் குருதிச்சோகையும், கண்புரையும் உயர் குருதியமுக்கமும் எவ்வாறு வந்தன என்ற வினா போதிய கவனத்தைப் பெறவில்லை.

இந்நோய்கள் உலகெங்கும் முதியோரிடையே காணப்படுவனவே. எனினும் தேயிலைத் தோட்டங்களில் அவை வெறுமனே மூப்பின் விளைவுகளாக மாத்திரம் அமையவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழில்முறையும், ஒரு குடியிருப்பு முறையும், ஓர் உணவு முறையும் உள்ளன. இவற்றோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. தோட்ட மருத்துவம் தொடக்கம் முதலே வேலை செய்யக்கூடிய உடலைப் பேணுவதற்கென்று உருவானது. வேலையிலிருந்து நீங்கிய உடலை ஏற்றுப் பேணும் பொறுப்பு எவருடையது என்ற கேள்விக்கு அம்மருத்துவ அமைப்பிலே விடை இருக்கவில்லை. மலையக முதியோரின் நோய் வரலாறு இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே தெளிவுறும்.

வழிநடையிற் பிறந்த மருத்துவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கண்டிச் சீமையை நோக்கி நடந்தனர். வழியிலே நீரும் உணவும் தங்குமிடமும் அரிதாயின. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், வயிற்றுளைவு ஆகியன அவர்களைப் பெருந்தொகையிற் கொன்றன. 1840களில் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர் எனக் கொழும்பிலிருந்து வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகையொன்று 1849ஆம் ஆண்டிலே மதிப்பிட்டது. அத்தொகை பற்றிப் பிற்கால ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அழிவின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது.

இச்சூழ்நிலையிலேதான் தோட்ட மருத்துவம் தோன்றியது. கோப்பி மாவட்டங்களின் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்வதற்கான சட்டம் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பழைய சட்டமும் திருத்தங்கள் பெற்று, 1912ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் சட்டமாகவும் தொழிலாளரின் நோய்கள் பற்றிய சட்டமாகவும் உருப்பெற்றது. லயங்களைத் துப்புரவாக வைத்திருத்தல், நோயுற்றவரை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உணவும் உறைவிடமும் ஓய்வும் வழங்குதல், கைக்குழந்தைகளைப் பேணுதல் ஆகியன தோட்டத் துரையின் கடமைகளாக்கப்பட்டன. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், வந்தவர்கள் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர்.

இச்சட்டங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. அக்காலத்து இலங்கைக் கிராமங்கள் பலவற்றுக்குக் கிட்டாத மருந்துச்சாலைகளும் வைத்தியசாலைகளும் தோட்டப் பகுதிகளில் எழுந்தன. ஆயினும் அவை யாரை நோக்கி எழுந்தன என்பதை மறத்தலும் தகாது. வேலை செய்பவர், பிள்ளை பெறுபவர், நாளை வேலைக்கு வரவிருக்கும் குழந்தை என மூவரையே அவை கண்டன. முதியோர் என்றொரு தனிப் பிரிவை அச்சட்டங்கள் அறியவில்லை.

கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம்

தோட்ட மருத்துவத்தின் இந்நோக்கை நன்கு புலப்படுத்துவது கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரின் பாதத் தோலைத் துளைத்து உடலினுட் புகும் இப்புழு, குடலிலே தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. மலசலகூடங்கள் இல்லாத தோட்டங்களிலே அது தடையின்றிப் பரவியது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தனது இயக்கத்தை ஆரம்பித்தது. பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோரிடம் புழு காணப்பட்டது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது எளிதாயிருந்தது. மலசலகூடமும் காலணியும் இன்றி, அது மீண்டும் புகாமற் காப்பதுதான் அரிதாயிருந்தது.

சோகையுற்ற தொழிலாளி குறைவாகவே வேலை செய்வான் என்ற வாதமே தோட்டச் சொந்தக்காரரின் ஒத்துழைப்பைப் பெறுவதற்கு எடுத்துரைக்கப்பட்டது. அவ்வாதம் பொய்யன்று. ஆனால் அதன் மறுபுறமும் உண்டு. வேலைக்கு உதவாத உடலுக்குச் செலவிடுவதனால் தோட்டத்துக்கு என்ன பயன் என்ற கேள்வி அதிலேயே அடங்கியிருந்தது.

மலையிலே முதுமை தோன்றியமை

கோப்பிக் காலத்தில் வந்தோரிற் பலர் பருவகாலத் தொழிலாளர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே குடும்பங்களாக வந்து நிலைத்திருக்கும் தொழிலாளரை அது வேண்டியது. பெண்களின் கைகள் கொழுந்து கொய்வதற்கு இன்றியமையாதனவாயின. அக்காலத்திலும், உடல் தளர்ந்தவர்கள் தமிழ்நாட்டிலுள்ள தம் ஊருக்குச் சென்று இறுதிக் காலத்தைக் கழிப்பது சாத்தியமாயிருந்தது. இவ்வகையிலே தோட்டம் முதுமையின் பாரத்தைத் தான் சுமக்காது, தமிழ்நாட்டுக் கிராமத்தின்மேல் இறக்கிவைத்தது எனலாம்.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மாறியது. 1939ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. போக்குவரவு குன்றவே ஊருடனான தொடர்பும் தளர்ந்தது. 1940களின் பிற்பகுதியில் மலேரியாவும் பிற தொற்றுநோய்களும் கட்டுப்படத் தொடங்க, நாட்டின் இறப்பு வீதம் விரைவாக வீழ்ந்தது. தோட்டங்கள் பின்தங்கியே சென்றனவெனினும் அவற்றிலும் வாழ்நாள் நீண்டது. லயத்திலே பிறந்து, மலையிலே உழைத்து, லயத்திலேயே மூப்படையும் தலைமுறை இவ்வாறு உருவாயிற்று.

அத்தலைமுறை மூப்படையும் காலத்திலேதான் நாடற்றதாக்கப்பட்டமை வரலாற்றின் கொடுமையாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மிகப் பெரும்பாலானோர் உரிமையிழந்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். ஒரே குடும்பத்திலே தாய்க்கு ஒரு நாடும் மகனுக்கு வேறு நாடும் என்ற நிலை ஏற்பட்டது. முதுமையிலே பெற்றோரைத் தாங்கவேண்டிய பிள்ளைகள் நீலகிரியிலும் கூடலூரிலும் குடியேற, முதியோர் சிலர் இங்கே தனித்தனர். இவ்விடைக்காலத்திலே, 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. அரிசியும் மாவும் கிட்டாத அந்நாட்களில் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பெரிதும் உயர்ந்தது. பட்டினியை முதலில் தாங்க இயலாதவர்கள் குழந்தைகளும் முதியோருமே.

நோய்களும் அவற்றின் தோற்றுவாய்களும்

தோட்டத்து முதியோரின் நோய்களுள் முதலில் குறிப்பிடத்தக்கன சுவாச நோய்களாகும். பழைய லயத்து அறை ஏறத்தாழ 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்டது. சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் அதிலேயே அல்லது அதனையொட்டிய ஒடுங்கிய தாழ்வாரத்திலே நிகழ்ந்தன. மலைக் குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிவைத்து, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை அடுப்பில் எரித்தபோது புகை வெளியேற வழியிருக்கவில்லை. அடுப்பெரித்த பெண் நாற்பது ஐம்பது ஆண்டுகள் அப்புகையைச் சுவாசித்தாள். பீடியோ சுருட்டோ தொட்டறியாத மூதாட்டியரிடத்தும் நாட்பட்ட இருமலும் மூச்சுமுட்டும் காணப்படுவதற்கு இதுவே முக்கிய காரணம். நெருக்கமான குடியிருப்பு சயரோகம் பரவுவதற்கும் துணைசெய்தது. நீண்டகாலப் புகை கண்புரையை விரைவுபடுத்துவதாகவும் மருத்துவ ஆய்வாளர் கருதுவர்.

அடுத்தன எலும்பு, மூட்டு நோய்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையின்மேல் தங்க, கூடை முதுகிலே தொங்குகிறது. கொழுந்து நிறைய நிறையக் கழுத்தும் முதுகும் அப்பாரத்தைத் தாங்குகின்றன. செங்குத்தான மலையிலே நிரை நிரையாக ஏறி இறங்குவதால் முழங்கால்கள் தேய்கின்றன. ஆண்களோ குனிந்து நின்று கவ்வாத்து வெட்டியும் முள்ளுக் குத்தியும் இடுப்பு வலியைத் தேடிக்கொண்டனர். மேற்குச் சரிவிலுள்ள ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளிலே வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. கம்பளியையும் படங்கையும் சுற்றிக்கொண்டு நனைந்தபடியே வேலை செய்தவர்கள், அம்மழைக் காலத்தில் தம் மூட்டு வலி கூடுவதாக முறையிடுவர். கோடாலித் தைலமும் மல்லித் தண்ணீரும் சுக்குக் கசாயமுமே அவர்களது முதல் மருந்துகள். அவை தீராதபோது திருநீறு போடுவித்தலும் ரோதை முனிக்கு நேர்த்தி வைத்தலும் தொடர்ந்தன. வைத்தியசாலை தொலைவிலிருக்கும் இடத்திலே இவற்றை அறியாமை என்று மாத்திரம் ஒதுக்கிவிட முடியாது.

குருதிச்சோகை மூன்றாவது. கொக்கிப்புழுவும், அடுத்தடுத்து நிகழ்ந்த பேறுகளும், இரும்புச் சத்துக் குறைந்த உணவும் சேர்ந்து இளமையிலேயே உண்டாக்கிய குறைபாடு முதுமையிலும் நீடித்தது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும், சீனி கலந்த சாயத் தண்ணீரும் தோட்டத்தின் அன்றாட உணவாயின. கடும் உழைப்பு இருந்தவரை அவ்வுணவு உடலைத் தள்ளிக்கொண்டு சென்றது. உழைப்பு நின்றபின் அதே மாவும் சீனியும் உப்பும் கருவாடும் வேறு நோய்களுக்கு வழிவகுத்தன. தோட்டத்தார் ‘சீனி வருத்தம்’ என்றும் ‘பிரசர்’ என்றும் வழங்கும் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும், அவற்றின் முடிவாகிய பாரிசவாதமும் இருதய நோயும் இன்று லயங்களில் அந்நியமானவை அல்ல. பற்றாக்குறையின் நோயும் மிகையின் நோயும் ஒரே உடலிலே சேர்ந்திருத்தல் இம்முதியோரின் சிறப்பியல்பாகும்.

நான்காவது, வாய்ப்புற்று. குளிரையும் பசியையும் களைப்பையும் மறப்பதற்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை மெல்லும் வழக்கம் ஆண் பெண் வேறுபாடின்றி நிலவியது. புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிக்கும் என்பது 1980களிலேயே உறுதியாயிற்று. புகையிலையற்ற வெற்றிலை பாக்கும் அத்தகையதே என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிலே கூறியது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் மென்றவருக்கு அவ்வெச்சரிக்கை காலங்கடந்தே வந்தது.

‘பேர்’ இல்லாதவரின் மருத்துவம்

தோட்டத்து வழக்கிலே ஒருநாள் வேலைக்கும் அதற்குரிய சம்பளத்துக்கும் ‘பேர்’ என்று பெயர். பாதி நாளுக்கு ‘அரைப்பேர்’. காலைப் பிரட்டுக்கு வந்து, கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே பேர் விழுந்தவனே தோட்டத்தின் ஆள். இச்சொல்வழக்கு ஒரு வாழ்க்கை நிலையையே சுட்டுகிறது. முதுமையடைந்தவருக்குப் பேர் இல்லை. பேர் இல்லாதவருக்குத் தோட்டத்தின் மீதுள்ள உரிமையும் தெளிவற்றதாயிற்று. லயத்து அறையும் தோட்டத்துக்கே உரியது. அதிலே முதியவர் தொடர்ந்து இருப்பதற்கு மகனோ மகளோ மருமகளோ தோட்டத்திலே வேலை செய்வது துணையாக வேண்டியிருந்தது.

வேலையிலிருந்து நீங்குவோருக்குச் சட்டம் எதனையும் வழங்கவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதியும், 1980ஆம் ஆண்டு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும், 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் தோட்டத் தொழிலாளரையும் உள்ளடக்கின. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைப் பெறும் உரிமை பெற்றனர். எனினும் இவையனைத்தும் ஒரேமுறை கைக்கு வரும் பணம். மகளின் கலியாணத்திலும், பழைய கடனிலும், வீட்டுத் திருத்தத்திலும் அது கரைந்துவிடுவது இயல்பு. மாதந்தோறும் மாத்திரை வாங்கவேண்டிய நோய்க்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. தொற்றுநோய் ஒருமுறை வந்து கொன்றது அல்லது நீங்கியது. நாட்பட்ட நோயோ ஆயுள் முழுவதும் செலவு கேட்பது. இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொண்ட ஏற்பாடு எதுவும் தோட்டத்திலே செய்யப்படவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் மலசலகூடங்கள், குடிநீர், தாய்சேய் நலம் ஆகிய துறைகளிலே குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டது. சிசு மரண வீதம் பெரிதும் குறைந்தது. 1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. இம்மாற்றங்களெல்லாம் வரவேற்கத்தக்கனவே. ஆயின், தாய்சேய் நலத்துக்கு லயத்து வாசலுக்கே வந்த மருத்துவ ஊழியர் முதியவரைத் தேடி வருவதில்லை. குருதியமுக்கத்துக்கும் நீரிழிவுக்குமான ‘கிளினிக்’ நகரத்து வைத்தியசாலையிலே நடைபெறுகிறது. முழங்கால் வலியுற்ற மூதாட்டி ஒருத்தி மேற்பிரிவு லயத்திலிருந்து படிகளிலே இறங்கி, பஸ் வரும் பாதைக்கு நடந்து, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வரிசையிலே நின்று மருந்து பெற்று மீள்வதற்கு ஒரு நாள் முழுவதும் செல்கிறது. துணைக்குச் செல்லும் மகளுக்கு அன்றைய பேர் இல்லை. மருந்து இலவசமாயினும் அதைப் பெறுவது இலவசமன்று. ஆகவே, நோய் வருத்தும்போது மாத்திரம் மருந்துண்டு, சற்றே தணிந்ததும் நிறுத்திவிடுகின்ற வழக்கம் ஏற்படுகிறது. பாரிசவாதம் வந்தபின்னரே பலர் வைத்தியசாலையை அடைகின்றனர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, வெளியே வாங்கும்படி எழுதிக்கொடுக்கப்பட்ட வேளையில், வாங்க வழியற்றோரின் நிலை சொல்லாமலே விளங்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, மலையக முதியோரின் நோய்கள் அவர்களது தனிப்பட்ட பழக்கக் குறைகளால் மட்டும் வந்தவை அல்ல. லயத்துப் புகையும், கூடையின் பாரமும், வெறுங்காலும், மா ரொட்டியும் தோட்ட முறைமையின் கூறுகள். இரண்டாவது, அந்நோய்களைத் தீர்க்கவேண்டிய மருத்துவம், 1872ஆம் ஆண்டிலே கொண்ட நோக்கை முற்றாகக் கைவிடவில்லை. தொற்றுநோயை வென்று முதுமையை வரவழைத்த அமைப்பு, வந்த முதுமைக்கு இடமளிக்கத் தவறியது.

இதற்குரிய பரிகாரம் எட்டாத தொலைவில் இல்லை. இலங்கையின் ஆரம்பச் சுகாதார ஊழியருக்குப் பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டே வாய்ப்புற்றின் முன்னறிகுறிகளைக் கண்டறிய முடியும் என்பதை 1984ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. சிசு மரணத்தை வென்ற அதே ஊழியர் வலையமைப்பு, மாதமொருமுறை லயத்திலேயே குருதியமுக்கத்தை அளந்து மாத்திரையும் வழங்குமாயின், பல பாரிசவாதங்கள் தவிர்க்கப்படும். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் முதியோர் அனைவருக்கும் உரியது. அது மலையுச்சி லயத்தையும் எட்டவேண்டும்.

மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாக 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. வழியிலே மடிந்த முன்னோரை அது நினைவுகூர்ந்தது. அம்முன்னோரின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளுமே இன்று லயத்து வாசலிலே கம்பளி போர்த்தி இருமிக்கொண்டிருக்கும் முதியோர். இறந்தோருக்குச் செய்யும் அஞ்சலி, இருப்போருக்குச் செய்யும் கடமையாகவும் விரிதல் வேண்டும்.